காலராவின் உறைவிடம்



வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். பட்டமேறிய ஆண்டுகளையும் போர் மூண்ட ஆண்டுகளையும் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கொள்ளைநோய்களின் வரலாற்றுக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் படையெடுப்புகளைப் போலவே நோய்களும் ஊர்களை வெறுமையாக்கியிருக்கின்றன. வெற்றியோடு சென்ற படைகளைத் திருப்பியிருக்கின்றன. நகரங்களின் அமைப்பையே மாற்றியிருக்கின்றன. அத்தகைய நோய்களுள் ஒன்று காலரா. நம் முன்னோர் வாந்திபேதி என்று பெயர் சொல்லவும் அஞ்சிய நோய் இதுவே.

இந்நோய் 1817-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெசோர்ப் பகுதியில் பெருவாரியாகக் கிளம்பிற்று. வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் சென்று ஆசியாவின் பல நாடுகளில் பரவிற்று. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை உலகைச் சுற்றிவந்தது. ஏழாவது சுற்று 1961-இல் இந்தோனேசியாவில் தொடங்கியது. அது இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இந்நோயைப் பற்றிய ஒரு கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது. நோய் ஓர் ஊரில் பரவுகின்றது, பலரைக் கொல்கின்றது, பின்பு அடங்கிவிடுகின்றது. நோயாளி ஒருவரும் இல்லாமல் மாதங்கள் கழிகின்றன. பின்னர் ஒருநாள், வெளியூரார் எவரும் கொண்டுவந்ததாகத் தெரியாமலே, மீண்டும் தலைதூக்குகின்றது. இடைப்பட்ட மாதங்களில் அக்கிருமி எங்கே இருந்தது? இக்கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஓர் அம்மையாரின் ஆராய்ச்சி வரலாற்றைச் சொல்லவே இன்று முற்படுகின்றேன். அவர் பெயர் ரீட்டா கால்வெல். அமெரிக்க நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர். தட்பவெப்ப நிலையின் மாறுதல் மக்களின் உடல்நலத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர்.

அவர் கண்டதன் அருமை விளங்க வேண்டுமாயின், அவருக்கு முன் இருந்தோர் கண்டதை முதலில் அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காலராவுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று மருத்துவருள் பலர் நம்பினர். அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சாவி, பருவத்தோடும் காற்றோடும் கூடி நோய் விளைக்கின்றது என்பது அவர்கள் கொள்கை. இந்தியாவில் ஆங்கில அரசின் புள்ளிவிவர அதிகாரியாக இருந்த பிரைடன் என்பவர், வங்க மாகாணத்தில் இந்நோய் பரவிய முறையைப் பருவக்காற்றோடு இணைத்து 1869-இல் ஓர் அறிக்கை எழுதினார்.

ஆனால் அதற்கு முன்பே, 1854-ஆம் ஆண்டில், ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இலண்டனில் வேறோர் உண்மையைக் கண்டிருந்தார். பிராடு தெருவில் இருந்த ஒரு குழாயடிக் கிணற்று நீரைப் பருகியவர்களே மிகுதியாக மாண்டனர் என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்துக் காட்டினார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலியில் பாச்சினி என்பார், இறந்தோரின் குடலில் இருந்த கிருமியை உருப்பெருக்கியின் வழியே கண்டு எழுதி வைத்தார். அவர் எழுத்தை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், எகிப்திலும் பின்னர்க் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியே நோய்க்குக் காரணம் என்று 1884-இல் அறிவித்தார். கல்கத்தாவில் மக்கள் நீர் எடுத்த ஒரு குளத்திலும் அக்கிருமியை அவர் கண்டார் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கிருமி சுரக்கும் நஞ்சே உடலின் நீரையெல்லாம் குடல்வழியே வெளியேற்றுகின்றது என்பதைக் கல்கத்தா மருத்துவ அறிஞர் சம்புநாத் டே 1959-இல் மெய்ப்பித்தார்.

இவ்வாறு படிப்படியாக ஒரு முடிவு உருவாயிற்று. கிருமியின் வீடு மனிதனுடைய குடல். நீர் அதற்கு வழி மட்டுமே. நோயாளியின் மலத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மற்றொருவரின் வாய்க்கும் அது செல்கின்றது. வெளியே நெடுநாள் உயிரோடு இராது. இதுவே பாடநூல்களில் இடம்பெற்ற முடிவு. இதனால் விளைந்த நன்மை மிகப் பெரிது. நகரங்கள் சாக்கடையையும் குடிநீரையும் பிரித்தன. நீரை வடிகட்டித் தூய்மையாக்கின. பல நாடுகள் இந்நோயின் பிடியிலிருந்து விடுபட்டன. ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. காற்றுக் கொள்கையைத் தள்ளியபோது, அதனோடு சேர்ந்து, நோய்க்கும் பருவத்துக்கும் தொடர்புண்டு என்ற பழைய கவனிப்பும் தள்ளப்பட்டது. மேலே நான் குறித்த கேள்வியும் கேட்பாரின்றிக் கிடந்தது.

ரீட்டா கால்வெல் 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெவர்லி என்னும் கடற்கரை ஊரில், இத்தாலிய மரபில் வந்த குடும்பத்தில், எட்டு மக்களுள் ஏழாமவராகப் பிறந்தார். பர்டியூப் பல்கலைக்கழகத்தில் பாக்டீரியவியல் பயின்று 1956-இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை வேண்டியபோது, பெண்களுக்கு உதவித்தொகை அளித்து வீணாக்குவதில்லை என்று அவருக்கு மறுமொழி கிடைத்தது. அவர் அதனால் படிப்பை விட்டுவிடவில்லை. அங்கேயே வேறு துறையில் மரபியல் பயின்று முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் பாக்டீரியங்களை ஆராய்ந்து 1961-இல் முனைவர் பட்டம் பெற்றார். அறையளவு பெரிதாக இருந்த அந்நாளையக் கணிப்பொறியைக் கொண்டு பாக்டீரியங்களை இனம் பிரிக்கும் முறையையும் அக்காலத்திலேயே வகுத்தார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கருத வேண்டும். காலராவை ஆராய்ந்தவர்களுள் மிகப் பலர் மருத்துவர்கள். அவர்கள் கிருமியை நோயாளியிடத்தில் சந்தித்தார்கள். இவரோ கடலை ஆராய்ந்தவர். கடலில் வாழும் கிருமிகளின் கூட்டத்திலே காலராவின் கிருமியும் அதன் உறவினங்களும் இருப்பதை இவர் கண்டார். அதனால் மருத்துவர் கேளாத கேள்வி இவர் உள்ளத்தில் எழுந்தது. இக்கிருமியின் சொந்த வீடு மனிதக் குடல்தானா, அல்லது கடல்நீரா?

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1972 முதல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அருகில் செசபீக் என்னும் பெரிய வளைகுடா உள்ளது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து மிதமான உவர்ப்புடன் விளங்கும் இடம் அது. அங்கே நெடுங்காலமாகக் காலரா பரவியதில்லை. அவ்வளைகுடாவின் நீரில் காலராக் கிருமியின் இனம் வாழ்வதை அவரும் அவருடைய மாணவர்களும் கண்டு 1977-இல் வெளியிட்டனர். நோயாளி இல்லாத இடத்தில் நோய்க்கிருமியா? அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். அவர்களுடைய மறுப்பிலும் நியாயம் இருந்தது. அங்கே கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை கொள்ளைநோய் விளைக்கும் வகையைச் சேராதவை. ஆனால் இனம் ஒன்றே. அவ்வினம் மனிதனுடைய உதவியின்றியே நீரில் வாழவல்லது என்பது அதனால் தெளிவாயிற்று.

அடுத்த தடை ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. வெயிற்காலத்தில் எடுத்த நீரிலிருந்து கிருமி எளிதாக வளர்ந்தது. குளிர்காலத்தில் எடுத்த நீரை வளர்ப்புத் தட்டில் இட்டால் ஒன்றும் முளைக்கவில்லை. கிருமி இறந்துவிட்டது என்பதே எல்லாரும் கொண்ட பொருள். கால்வெல் அவ்வாறு எண்ணவில்லை. ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை நீரில் கலந்து உருப்பெருக்கியின் கீழ் நோக்கியபோது, முளைக்காத நீரிலும் கிருமிகள் ஒளிவிட்டன. அவை இறக்கவில்லை, உயிர்ப்பை ஒடுக்கிக்கொண்டு வளராமல் இருந்தன. இவ்வுண்மையை அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1982-இல் வெளியிட்டனர். கோடையில் வாடிக் கிடந்த கிழங்கு மழை கண்டவுடன் தளிர்ப்பதை நாம் அறிவோம். ஏறத்தாழ அத்தகையதே இது. நோய் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மறுபாதி விடை வங்கத்தின் நீர்நிலைகளில் கிடைத்தது. டாக்காவில் 1960-இல் ஒரு காலரா ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டிருந்தது. மேக்னா ஆற்றுப் பகுதியில் மத்லப் என்னும் இடத்தில் அதற்கு ஒரு களநிலையமும் இருந்தது. அங்குக் குளங்களும் கால்வாய்களும் ஊரைச் சூழ்ந்து கிடக்கின்றன. கால்வெல் பலமுறை அங்குச் சென்றார். வங்கதேச அறிஞர் அன்வர் ஹக் அவருடன் சேர்ந்து உழைத்தார். நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களுள் கோப்பிபாடு என்பது ஒன்று. இறாலுக்குத் தூரத்து உறவான அது, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. அதன் ஓட்டிலும் குடலிலும் காலராக் கிருமிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்வதை இவ்விருவரும் உடன் உழைத்தோரும் கண்டு 1983-இல் வெளியிட்டனர்.

இனி இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கதிரவன் வெம்மையால் நீர் சூடேறுகின்றது. அதனால் மிதக்கும் நுண்தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு கோப்பிபாடுகள் பெருகுகின்றன. அவற்றோடு கிருமியும் பெருகுகின்றது. அந்நீரைக் காய்ச்சாமலும் வடிகட்டாமலும் பருகுகின்ற ஏழைக் குழந்தை நோயில் வீழ்கின்றது. அக்குழந்தையிலிருந்து நோய் ஊருக்குப் பரவுகின்றது. வங்கத்தில் காலரா ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் மிகுவதற்கு இதிலே விளக்கம் உண்டு. கோடையில் ஆறுகள் வற்றும்போது உவர்நீர் உள்நாட்டுக்குள் ஏறி வருகின்றது. அதனோடு கிருமியும் வருகின்றது. மழைக்காலத்து வெள்ளமோ குளத்தையும் கழிவையும் ஒன்றாக்கிவிடுகின்றது.

1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரு நாட்டின் கடற்கரை ஊர்களில் காலரா தோன்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அந்நோயைக் காணாத தென் அமெரிக்காவில், பெரு நாட்டில் மட்டும் அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று கால்வெல் கருதினார். மறு ஆண்டு, 1992-இல், நம் சென்னையில் காலராவின் புதிய வகை ஒன்று தோன்றிற்று. அது வங்கக் கடலின் கரையோரமாகப் பரவிக் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் தாக்கியது. கடலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை அறிஞர்கள் மீண்டும் எண்ணிப் பார்க்க இந்நிகழ்ச்சிகள் தூண்டின. 1996-இல், உலகத் தட்பவெப்ப நிலையும் தொற்றுநோயும் பற்றிக் காலராவை எடுத்துக்காட்டாக வைத்து அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கே ஒரு வழிகாட்டி ஆயிற்று. 2000-ஆம் ஆண்டில், வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் நீர்மட்டத்தையும் செயற்கைக்கோள் வழியே அளந்து, அவற்றின் ஏற்ற இறக்கத்தோடு வங்கதேசத்துக் காலராவின் ஏற்ற இறக்கமும் இணைந்து செல்வதை அவரும் பிற அறிஞரும் காட்டினர்.

இவற்றையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கிருமியின் வீடு கடலே என்றால் அதனை எவ்வாறு ஒழிப்பது? பெரியம்மையை ஒழித்தது போல் இதனை உலகிலிருந்து ஒழித்துவிட இயலாது என்பதே கால்வெலின் கருத்து. ஆனால் கிருமியை ஒழிக்க இயலாவிட்டாலும் மனிதனைக் காக்க இயலும். அதற்கு அவர் கண்ட வழி மிக எளியது.

கிருமி கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. துணியால் அதனைத் தடுக்க முடியாது. ஆனால் கிருமி ஏறியிருக்கும் கோப்பிபாடு பெரியது; அதனைத் துணியால் தடுக்கலாம். வங்கதேசத்துப் பெண்கள் வீட்டில் செய்யும் பானங்களைச் சேலைத்துணியால் வடிகட்டுவது பழைய வழக்கம். அதே துணியை நான்கு மடிப்பாகவேனும் மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் முகந்தால் போதும். பலமுறை துவைத்துப் பழகிய பழைய பருத்திச் சேலையே புதிய சேலையினும் சிறந்தது. துவைக்கத் துவைக்க நூலிழைகள் பிரிந்து பூத்து, நெசவின் துளைகளைச் சிறிதாக்கிவிடுகின்றன. மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில் ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே இம்முறை ஆராயப்பட்டது. சேலையால் வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2003-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த பொறி ஒன்றும் வேண்டியதில்லை. விறகு வாங்க வழியில்லாதவரும் கைக்கொள்ளலாம். இவ்வாராய்ச்சி நடந்த காலத்தில், அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலும் அவர் இருந்தார். 1998 முதல் 2004 வரை அப்பொறுப்பை வகித்த அவரே அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி.

வரலாறு எழுதுவோன் ஒருவருடைய வெற்றியை மட்டும் சொல்லிச் செல்லலாகாது. 2010-ஆம் ஆண்டில், நிலநடுக்கத்தால் சீர்குலைந்திருந்த ஹெய்ட்டி நாட்டில் காலரா பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். அவ்வாண்டின் வெப்பமும் பெருமழையும் உள்ளூர் நீரில் இருந்த கிருமிகளுக்கு இடம் அளித்திருக்கும் என்பது கால்வெலின் கருத்து. ஆனால் நோய் விளைத்த கிருமியின் மரபணுக்களை ஆராய்ந்த பலர், அது நேபாளத்திலிருந்து வந்த ஐக்கிய நாடுகள் அமைதிப் படையினரின் முகாம் வழியே ஆற்றில் கலந்தது என்று காட்டினர். அறிஞருலகம் பெரும்பாலும் அம்முடிவையே ஏற்றது. நோய் பரவியதில் தன் பங்கை ஐக்கிய நாடுகள் அவையும் 2016-இல் ஒப்புக்கொண்டது. ஆகவே, எல்லாக் காலராவுக்கும் கடலே காரணம் என்று கொள்வது தவறாகும். கிருமி கடலிலிருந்தும் வரலாம். மனிதனோடு கப்பலேறியும் விமானமேறியும் வரலாம். எவ்வழியில் வந்தாலும், தூய குடிநீரும் கழிவிடமும் இல்லாத ஊரிலேயே அது கொள்ளைநோயாக மாறுகின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உரிய காலத்தில் கொடுத்தும், முற்றிய நோயாளிக்கு இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றியும் காத்தால், நூற்றுக்கு ஒருவர்கூட இறவாத நோய் இது. மருந்து இல்லாமையினும் வறுமையாலேயே மக்கள் இதற்குப் பலியாகின்றனர்.

கடல்களோ வெப்பமடைந்து வருகின்றன. வட அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் இழுத்துச் சென்ற கருவிகளின் மூலம் மிதவையுயிர்களைச் சேகரித்து வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. 1958 முதல் 2011 வரை சேகரித்த மாதிரிகளைக் கால்வெலும் இத்தாலிய அறிஞர் வெட்சுல்லியும் பிறரும் ஆராய்ந்தனர். கடல்நீரின் வெப்பம் ஏற ஏற, காலராக் கிருமியை உள்ளடக்கிய விப்ரியோ என்னும் பேரினமும் பெருகி வந்ததை 2016-இல் வெளியிட்டனர். அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ சேர்த்து வைத்த மாதிரிகள், அவர்கள் எண்ணியும் பாராத கேள்விக்குச் சான்று கூறின. ஆவணங்களைப் பேணுவோர் செய்யும் தொண்டு எத்தகையது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

2017-இல், போரால் நலிந்த ஏமன் நாட்டில் காலரா என ஐயுறப்பட்டவர்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. மழை, வெப்பம், மக்கள் நெருக்கம், குடிநீர் நிலை ஆகியவற்றைக் கொண்டு நோய் எங்கே தோன்றக்கூடும் என்று சில வாரங்களுக்கு முன்பே கணிக்கும் முறையை அந்தர் ஜுட்லா முதலிய அறிஞர்களோடு கால்வெல் உருவாக்கியிருந்தார். 2018-இல் பிரிட்டிஷ் அரசின் உதவித்துறையும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் ஏமனில் தம் உதவியை எங்கே முதலில் செலுத்துவது என்று தீர்மானிக்க அக்கணிப்பைத் துணைக்கொண்டன. புயல் வருமுன் மீனவரை எச்சரிப்பது போல், நோய் வருமுன் ஊரை எச்சரிக்கும் காலம் இவ்வாறு தொடங்கியது.

இவ்வரலாற்றில் நான் கண்ட உண்மை ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். பருவத்தோடு காலரா வருகின்றது என்று பழைய மருத்துவர் கண்டது மெய். கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று அவர்கள் சொன்ன விளக்கம் பொய். விளக்கம் பொய்யானபோது கண்டதையும் பொய்யென்று தள்ளிவிட்டது அடுத்த தலைமுறை. தள்ளப்பட்டதை எடுத்து, அதற்கு மெய்யான விளக்கம் தந்தவர் ரீட்டா கால்வெல். அதற்காக அவர் ஸ்நோவையோ கோக்கையோ மறுக்கவில்லை. அவர்கள் கண்டதையும் பழையவர் கண்டதையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக்கினார். கல்கத்தாக் குளத்தில் கோக் கண்ட கிருமிக்கு உரிய பொருள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

நாளை நீங்கள் எத்துறைக்குச் சென்றாலும், முன்னோர் கூற்று ஒன்றைத் தள்ள நேரிடும்போது, அவர்கள் கண்டது எது, அதற்குக் கூறிய காரணம் எது என்று பிரித்துப் பாருங்கள். காரணத்தைத் தள்ளலாம், கண்டதைத் தள்ளுமுன் இன்னொரு முறை குளத்தருகே சென்று பாருங்கள். அங்கே நீர் முகக்கும் தாயின் குடத்தில் என்ன இருக்கின்றது என்பதை அறிவதும் கல்வியே. அக்குடத்தின் வாயில் ஒரு துணியைக் கட்டக் கற்பிப்பதும் கல்வியே.